பேரூராட்சியில் எதைக் கேட்டாலும் "நிதி இல்லை" – எந்தக் கணக்கைக் கேட்டால் உண்மை தெரியும்?

தெற்குத்தெரு:
எங்கள் ஊர் சின்னப் பேரூராட்சி, பெயர் வேண்டாம். தெருவிளக்கு எரியவில்லை என்று போனால் நிதி இல்லை, சாக்கடை தூர்வாரவில்லை என்று போனால் நிதி இல்லை. ஆனால் நன்றாக இருந்த தெருவைப் பெயர்த்துப் பேவர் பிளாக் பதிக்க மட்டும் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது. 2022-ல் சொத்து வரியை ஏற்றியபோது எங்கள் வீடு 1,200 சதுர அடியைக் கொஞ்சம் தாண்டியதால் 75 சதவீதம் கூடியது. முணுமுணுத்துக்கொண்டே கட்டி வருகிறேன். அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், யாரோடும் சண்டை போட இல்லை. எங்கள் வார்டு உறுப்பினரைக் கேட்டால் "நான் எதிர்க்கட்சி, என்னிடம் எதையும் காட்டுவதில்லை" என்கிறார். உள்ளாட்சிக் கணக்கு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எந்தக் காகிதத்தைக் கேட்டால் விஷயம் பிடிபடும்?

சும்மா வந்தவன்:
பேவர் பிளாக்குக்கு எப்போதும் நிதி உண்டு நண்பரே. குழாயில் தண்ணீர் வராத ஊரிலும் அது வரும்.

கடைவீதி:
வரியை ஏற்றியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஏற்றாத காலத்திலும் ஊர் இப்படித்தான் இருந்தது, ஏற்றிய பிறகும் இப்படித்தான் இருக்கிறது. வணிகக் கட்டடங்களுக்கு ஒரே அடியாக 100 சதவீதம். சின்ன ஊரில் கடை வைத்திருப்பவன் என்ன சென்னையில் ஷாப்பிங் மாலா நடத்துகிறான்? வருமானம் இரண்டு மடங்கு ஆகாதபோது வரி மட்டும் ஏன் இரண்டு மடங்கு ஆக வேண்டும்?

பழைய வரித்தண்டலர்:
நான் பேரூராட்சிகளில் வரி வசூல் பார்த்து ஓய்வு பெற்றவன். கடைவீதி சொல்வதில் பாதி நியாயம், மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் சொத்து வரிப் பொதுச் சீராய்வு நடந்தது 1998-ல், மற்ற ஊர்களில் 2008-ல். அதற்கப்புறம் 2018-ல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் உள்ளாட்சித் தேர்தலை முன்னால் வைத்துக்கொண்டு 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள், கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் நேர்செய்யச் சொன்னார்கள். அந்தக் குழப்பத்தில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஒழுங்காகக் கட்டியவனிடம் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. பிறகு 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. பதினான்கு வருடம் கைவைக்காமல் விட்டு ஒரே நாளில் ஏற்றினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

ஆனால் என் அனுபவத்தில் விகிதம் பெரிய பிரச்சினையே இல்லை, பதிவேடுதான் பிரச்சினை. அதை விரிவாக எழுத வேண்டும், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
அவர் வருவதற்குள் பேவர் பிளாக் மர்மத்தை நான் அவிழ்க்கப் பார்க்கிறேன். தெற்குத்தெரு கேட்ட கேள்விக்குள்ளேயே இரண்டு வெவ்வேறு பணம் கலந்திருக்கிறது.

பேரூராட்சிக்கு வரும் பணம் ஒரே பெட்டியில் விழுவதில்லை. பெண் கல்யாணத்துக்கென்று மாமனார் கொடுத்த பணத்தை எடுத்து மளிகைக் கடன் அடைக்க முடியுமா, அதே கதைதான் இங்கேயும். மத்திய அரசின் 15-வது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட மானியம், பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதம் கட்டில்லாதது, அதையும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது என்றார்கள். மாநில அரசின் திட்டங்கள் வந்தால் அவற்றுக்கு அவற்றின் விதி: இந்தத் தலைப்பில் இந்த வேலை, இத்தனை நாளுக்குள். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று அனுப்பாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். மார்ச் மாதத்தில் என்ன வேலையை வேகமாக முடிக்க முடியும்? மழைநீர் வடிகால் என்றால் மட்டம் பார்க்க வேண்டும், ஆக்கிரமிப்பு எடுக்க வேண்டும், நாலு பேர் வழக்குப் போடுவார்கள். பேவர் பிளாக் என்றால் லாரியில் வந்து இறங்கும், பத்து பேர் பதித்துவிட்டுப் போய்விடுவார்கள், திறப்பு விழாப் பலகையும் வைக்கலாம்.

தெருவிளக்கின் மின் கட்டணம், மோட்டார் பழுது, தூய்மைப் பணியாளர் கூலி, டிராக்டருக்கு டீசல், இதெல்லாம் தினச்செலவு. இதற்குக் கைகொடுப்பது சொந்த வருவாயும், மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி மாநில வரி வருவாயிலிருந்து வரும் பங்கும்தான். அந்தப் பங்கு முழுதாகக் கைக்கு வருகிறது என்று நினைக்க வேண்டாம், கடன் தவணை, கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணம் என்று பிடித்தம் போகத்தான் வரும். அதனால் "நிதி இல்லை" என்று செயல் அலுவலர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. விளக்குக்கு நிதி இல்லை, பேவர் பிளாக்குக்கு இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

தெற்குத்தெரு:
இதை யாரும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. அப்படியென்றால் நான் கட்டும் சொத்து வரிதான் விளக்குக்குப் போக வேண்டிய பணம், சரியா?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், மன்றம் தன் இஷ்டப்படி செலவழிக்கக்கூடிய சொந்தப் பணம் அதுதான். கூடவே காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை ஏலம், பேருந்து நிலையக் கட்டணக் குத்தகை, கட்டட அனுமதிக் கட்டணம். தொழில் வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரசியலமைப்பின் 276-வது பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. அந்த உச்சவரம்பு 1988-ல் வைத்தது, இன்றைக்கும் அதேதான். மாதம் மூன்று லட்சம் வாங்குபவரும் வருடத்துக்கு அந்த 2,500-க்கு மேல் கட்ட வேண்டியதில்லை.

பழைய வரித்தண்டலர்:
வந்துவிட்டேன். பதிவேட்டுக் கதை.

அலுவலகத்தில் கேட்பு, வசூல், நிலுவை என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த அரையாண்டில் எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது "வசூல் எத்தனை சதவீதம்?" என்றுதான். தொண்ணூற்றைந்து என்றால் பாராட்டு, எழுபது என்றால் குறிப்பாணை. அந்தச் சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எண் சரியா என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் ஆயிரம் வீடு கேட்புக்குள்ளேயே வரவில்லை என்றால் மீதி வீடுகளில் வசூலித்துத் தொண்ணூற்றைந்து காட்டிவிடலாம். புதிதாக வரிவிதிப்புச் செய்தால் கேட்பு கூடும், கேட்பு கூடினால் சதவீதம் குறையும், சதவீதம் குறைந்தால் திட்டு எனக்கு. பிறகு நான் ஏன் புது வீட்டைத் தேடிப் போகிறேன்?

எப்படியெல்லாம் விடுபடும் என்றால், தரைத்தளத்துக்கு வரி போட்டிருப்போம், மேலே இரண்டு மாடி ஏறியிருக்கும், பதிவேட்டில் இன்னும் ஓட்டு வீடு. முன்பக்கம் மூன்று கடை, வரி மட்டும் குடியிருப்பு விகிதத்தில். புறவழிச்சாலைப் பக்கம் மனைகள் பத்திரமே மூன்று கை மாறியிருக்கும், காலிமனை வரி கட்டட அனுமதிக்கு வரும்போதுதான் நினைவுக்கு வரும். கல்யாண மண்டபம் எத்தனை சதுர அடி என்று அளக்கப் போனால் உடனே ஒரு போன் வரும். போன் யாரிடமிருந்து என்று சொல்ல மாட்டேன், எல்லாக் கட்சியிலிருந்தும் வந்திருக்கிறது.

அப்புறம் நிலுவை. அதில் பாதி எந்தக் காலத்திலும் வராது. நீதிமன்றத்தில் தடை, ஆள் இல்லாத சொத்து, ஒரே வீட்டுக்கு இரட்டை வரிவிதிப்பு எண். தள்ளுபடி செய்ய மேலே அனுமதி வாங்க வேண்டும், கையெழுத்துப் போட எல்லாருக்கும் பயம், அதனால் அது அப்படியே வருடா வருடம் ஏடு மாறும். மத்திய அரசுச் சொத்துக்கு அரசியலமைப்பின் 285-வது பிரிவின்படி வரியே போட முடியாது, சேவைக் கட்டணம் கேட்கலாம், கேட்டு வாங்குவதற்குள் நாம் ஓய்வு பெற்றுவிடுவோம்.

கடைவீதி:
ஐயா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. ஒழுங்காகப் பதிவேட்டில் இருப்பவன் தலையில்தானே மறுபடி மறுபடி ஏறுகிறது?

பழைய வரித்தண்டலர்:
அதைத்தான் தம்பி சொல்கிறேன். விகிதத்தை ஏற்றுவதற்கு ஒரு அரசாணை போதும். பதிவேட்டைச் சரிசெய்ய தெருத்தெருவாக டேப்போடு போக வேண்டும், ஊரில் பத்து பேரைப் பகைத்துக்கொள்ள வேண்டும். எது நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். கோபத்தோடு கோபமாக இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்: பேரூராட்சி வணிக வளாகத்தில் இருக்கும் கடைகளில் எத்தனை பேர் தங்கள் பெயரில் எடுத்துத் தாங்களே நடத்துகிறார்கள்?

கடைவீதி:
உள்வாடகை விஷயம்தானே? எல்லாருக்கும் தெரிந்ததுதான், மறைக்கவில்லை. ஏலம் எடுத்தவர் அலுவலகத்துக்குக் கட்டுவது ஒரு தொகை, உள்ளே நடத்துபவர் அவருக்குக் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு. நான் உள்வாடகைக்காரன்தான், எனக்கு அதில் என்ன லாபம்? பேரூராட்சிக்கும் இல்லை, எனக்கும் இல்லை, நடுவில் இருப்பவருக்கு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். புது வளாகம் கட்டினார்கள், வைப்புத்தொகையும் மாத வாடகையும் யாரும் நெருங்க முடியாத அளவுக்கு வைத்தார்கள், ஏலத்துக்கு ஆள் வரவில்லை, ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது. குறைத்துக் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வருமாம். பூட்டிக் கிடந்தால் கேள்வி வராதாம்.

கணக்குப்பிள்ளை:
வரும், "வருவாய் இழப்பு" என்று உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பத்தி எழுதுவார்கள். ஆனால் பூட்டிக் கிடந்ததற்கு யாரும் தனிப்பட்ட முறையில் பொறுப்பில்லை, குறைத்துக் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து இருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

பன்னிரண்டாவது வார்டு:
நான் வேறொரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினர், முதல் முறை. எல்லாரும் அலுவலகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மன்றத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதற்கப்புறம் 2022 வரை தனி அலுவலர்தான், ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே இல்லை. தேர்தல் நடத்தாததால் மத்திய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. நாங்கள் உள்ளே வந்தபோது கேள்வி கேட்கிற பழக்கமே அலுவலகத்துக்கு மறந்துபோயிருந்தது. பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு என்பதால் பாதிப் பேர் பெண்கள், அதில் சிலருக்குப் பதில் வீட்டுக்காரர்தான் பேசுவார். என் வீட்டுக்காரர் முதல் கூட்டத்துக்கு வாசல் வரை வந்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் நாற்பது ஐம்பது பொருள் இருக்கும். வேகமாக வாசிப்பார்கள், "ஏகமனதாக" என்று எழுதிக்கொள்வார்கள், டீ வரும். அந்தப் பொருள்களில் கணிசமானவை "பின்னேற்பு", அதாவது செலவு ஏற்கனவே நடந்துவிட்டது, அவசரம் கருதித் தலைவர் முன் அனுமதி கொடுத்தார், இப்போது மன்றம் தலையாட்ட வேண்டும். குழாய் உடைந்தால் அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளீச்சிங் பவுடர் வாங்குவதும் எல்.இ.டி. பல்பு வாங்குவதும் ஒவ்வொரு மாதமும் எப்படி அவசரமாகும்? நான் இதைக் கேட்டேன். அடுத்த மாதம் என் வார்டில் குப்பை வண்டி ஒரு வாரம் வரவில்லை. தற்செயலாகத்தான் இருக்கும்!

தெற்குத்தெரு நண்பரே, உங்கள் வார்டு உறுப்பினர் எதிர்க்கட்சி என்பதால் எதையும் காட்டவில்லை என்பது சாக்கு. பொருள் நிரல் எல்லா உறுப்பினருக்கும் வந்தாக வேண்டும். அவரிடம் கடைசிக் கூட்டத்தின் நிரலைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் அவர் கூட்டத்துக்கே போவதில்லை என்று அர்த்தம்.

சும்மா வந்தவன்:
உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் குடவோலைக்கு நிற்கக்கூடாது என்று இருக்கிறது. பராந்தக சோழன் காலத்துச் சட்டம். இன்றைக்குக் கொண்டுவந்தால் வேட்புமனு வாங்க ஆளே இருக்காது.

பழைய வரித்தண்டலர்:
அதே கல்வெட்டு நிலமும் சொந்த வீடும் இல்லாதவன் நிற்கக்கூடாது என்றும் சொல்கிறது தம்பி. பெண்களுக்கு இடமே இல்லை. முழுதாகக் கொண்டுவந்தால் பன்னிரண்டாவது வார்டு அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேட்டுக்காட்டான்:
நாங்கள் பேரூராட்சிக்கு ஒட்டிய ஊராட்சி. எங்களை நகரத்தோடு இணைக்கப் போவதாகப் பேச்சு வந்தது, ஊரே திரண்டு எதிர்த்தோம். இந்த இழையைப் படித்த பிறகு எதிர்த்தது சரிதான் என்று தோன்றுகிறது. இணைத்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடும், கிராம சபை இருக்காது. அவர்கள் கொடுப்பது என்ன, பெயர்ப் பலகை.

கணக்குப்பிள்ளை:
நூறு நாள் வேலை பற்றிய பயம் நியாயமானது, அது கிராமப்புறத்துக்கான திட்டம். 2022-ல் பேரூராட்சிகளில் சோதனையாகத் தொடங்கிய நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் அந்த அளவுக்கு ஈடாகாது. ஆனால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்து இறங்குவது அந்தப் பேரூராட்சியின் பேருந்து நிலையத்தில், சந்தை அங்கே, கோழிக்கடைக் கழிவு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கொட்டப்படுவதும் அங்கேதான். செலவு அவர்களுக்கு, புது மனைப்பிரிவின் வரி உங்களுக்கு. இதற்கு இணைப்புதான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை, ஆனால் குப்பைக்காவது இரண்டு மன்றமும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்யலாம்.

மேட்டுக்காட்டான்:
குப்பைக்கு என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் கிடங்குக்கு இடம் பார்த்தார்கள். "வள மீட்புப் பூங்கா" என்று பெயர் வைத்தால் நாற்றம் போய்விடுமா?

பன்னிரண்டாவது வார்டு:
பூங்காவால் நாற்றமில்லை அண்ணே, பிரிக்காமல் வரும் குப்பையால்தான் நாற்றம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டன. எங்கள் வார்டில் பிரித்துக் கொடுத்த தெருக்கள் இருந்தன. வண்டியில் ஏறியதும் எல்லாம் ஒன்றாகக் கலந்தது, ஏனென்றால் தடுப்பு வைத்த வண்டி பழுது, பழுது பார்க்க நிதி இல்லை. மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் இல்லையா? அடுத்த வாரம் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மறுபடி பிரியுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பணியாளர்கள் ஒப்பந்ததாரர் மூலம்தான், அவருக்குப் பட்டியல் தொகை தாமதமானால் கூலி தாமதமாகும், கூலி வராமல் நாலு பேர் கையுறை இல்லாமல் குப்பை பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று நான் மன்றத்தில் கத்தினேன். பேவர் பிளாக் பட்டியல் மட்டும் தாமதமாவதில்லையே என்று.

தெற்குத்தெரு:
அக்கா, இவ்வளவு பேசுகிற உறுப்பினர் எங்கள் ஊரில் ஒருவராவது இருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். சரி, இப்போது காகிதத்துக்கு வருவோம். நான் கேட்கப் போவது: வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, அப்புறம் ஐயா சொன்ன கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல். போதுமா?

கணக்குப்பிள்ளை:
வரவு செலவுத் திட்டத்தை நம்பி உட்காராதீர்கள், அது ஆசைப் பட்டியல். நடந்த கணக்கைக் கேளுங்கள். 15-வது நிதி ஆணையம் மானியத்துக்கு வைத்த நிபந்தனையே கணக்கைப் பொதுவெளியில் இணையத்தில் போட வேண்டும் என்பதுதான்: முந்தைய ஆண்டின் தணிக்கைக்கு முந்திய கணக்கு, அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு. முதலில் அதைத் தேடுங்கள். தணிக்கை அறிக்கையில் தடைப் பத்திகள் (தணிக்கையாளர் ஆட்சேபித்து எழுதியவை) எத்தனை வருடமாகத் தீராமல் இருக்கின்றன என்று பாருங்கள், ஊரின் சுபாவம் அதில் தெரியும்.

கடைவீதி:
கடை வாடகைப் பதிவேடும் கேளுங்கள். எந்தக் கடை யார் பெயரில், எந்த வருடம் ஏலம், வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு. வந்தால் இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

சும்மா வந்தவன்:
இப்போதுதான் கடைவீதிக்குக் கணக்கில் ஆர்வம் வந்திருக்கிறது.

பழைய வரித்தண்டலர்:
கேட்பது எப்படி என்பதும் முக்கியம். தகவல் உரிமைச் சட்டத்தில் "ஏன் விளக்கு எரியவில்லை?" என்று எழுதினால் "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று திருப்பிவிடுவார்கள், நானே அப்படி வரைவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். கேட்பு வசூல் நிலுவைப் பட்டியலை மொத்தமாகக் கேட்காமல் வார்டு வாரியாக, குறைந்தது நாலைந்து வருடத்துக்கு அரையாண்டு வாரியாகக் கேளுங்கள். வார்டு வாரியாக வந்தால்தான் புறவழிச்சாலைப் பக்கம் வீடு நிரம்பிவிட்ட வார்டில் கேட்பு மட்டும் அசையாமல் நிற்பது கண்ணில் படும். கூடவே புதிய வரிவிதிப்புகள் எத்தனை என்று வருடவாரியாக ஒரு வரி. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தபாலில், சேர்ந்ததற்கு ஒப்புகையோடு. முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

தெற்குத்தெரு:
எழுதிவிட்டேன் ஐயா, நாளை அனுப்புகிறேன். மனுவில் ஆறாவது கேள்வியாகப் பேவர் பிளாக் வேலையின் அளவுப் புத்தக (எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து எழுதும் ஏடு) நகலும் கேட்டிருக்கிறேன்.

பழைய வரித்தண்டலர்:
அதைத் தனி மனுவாகப் போடுங்கள். ஒரே மனுவில் இருந்தால் அந்த ஒன்றுக்காக மற்ற ஐந்தையும் இழுத்தடிப்பார்கள்.